மைக்காரர் கண்ட கொலைகாரன்

தலவிலைத் தேவாலயப் பெருநாள் முடிந்து திரும்பிய கண்டக்குழிச் சனம் கரையில் கண்டது மீனவன் பீற்றரின் பிணம். தலையில் வெட்டு. பெருநாளன்றே செத்திருக்கிறான் என்றார் புத்தளத்து டொக்டர். பொலிஸ் துரை விசாரித்தார். ஊரே ஒரே குரலில், "தெரியா ஐயா!"

பிறகுதான் மீன் வியாபாரி சந்தியாகு, வெற்றிலையில் மை தடவிக் குற்றவாளியைக் கண்டுசொல்லும் ஒரு மைக்காரரைக் கூட்டி வந்தான். மலையாளத்தில் மந்திரம் படித்தவராம். பக்கத்துச் சிலாபத்தைத் தாண்டாத மலையாளம்! ஆனால் என்ன கூட்டம்! வாசலில் அவர் மனுசி தேத்தண்ணி ஊற்றி ஊர்க்கதை கேட்பாள். துரைக்குத் திறக்காத வாயெல்லாம் அங்கே திறந்தது. பீற்றருக்கும் இன்னொரு மீனவன் பஸ்தியானுக்கும் வலைச்சண்டை என்ற கதையும் கொட்டியது.

மறுநாள் வெற்றிலை மையில் பஸ்தியான் தெரிந்தான்!

"அவன் பெருநாளன்று தலவிலையில எங்களோட கோயில் சுரூபத்தைத் தோளில காவினவனெல்லே?" என்றான் ஒருவன்.

"மை பொய் சொல்லுமோ? காவினது அவன்ர நிழலாக்கும்!"

நிழலுக்குத் தோள் வலிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பஸ்தியானைப் பொலிஸ் கொண்டுபோனது. இனித் தூக்குத்தான் என்றது ஊர்.

அவன் மனைவி அல்பொன்சா தேத்தண்ணி ஊற்றியவளிடம் போய் அழுதாள்.

"அக்கா, என்ர தம்பி தோமசை மன்னாரில ஒரு ஒற்றைக் கண்ணன் கோடாலியால கொத்திப்போட்டானாம்."

கொஞ்ச நேரத்தில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஊர்த் தலைவர் விதானையாரும் சனமும் பார்த்திருக்க, மைக்காரர் வெற்றிலைக்குள் மூக்கை நுழைத்தார்.

"மன்னார்... கோடாலி... ஐயோ, ஒற்றைக் கண்ணன்! தம்பியின்ர ஆவி தண்ணி கேட்குது, பிள்ளை!"

"தண்ணி வேண்டாம், தேத்தண்ணி தாங்கோ!"

கூட்டத்துக்குள்ளிருந்து தலைத்துண்டை அவிழ்த்து எழும்பினான், அன்று காலை மன்னாரிலிருந்து வந்த தோமஸ். கோடாலிக் காயம் ஒன்றுமில்லாமல், முழு உயிரோடு!

சிரிப்பில் கூரை பறந்தது. அல்பொன்சா சிரிக்கவில்லை.

"என்ர மனுசன் சுரூபம் காவினது ஆரின்ர இடத்தில? சொல்லுங்கோ!"



"சந்தியாகுவின்ர இடம்," என்றான் ஒருவன் மெதுவாக. "வருசா வருசம் அவன்தான் காவுறவன். இந்தமுறை ஆளைக் காணேல்லை. அதுதான் பஸ்தியானை இழுத்து விட்டனாங்கள்."

"இதை ஏன்டாப்பா துரைக்குச் சொல்லேல்லை?" என்றார் விதானையார்.

"துரை தேத்தண்ணி தரேல்லையே, விதானையார்!"

வேலிப் பக்கம் நழுவிய சந்தியாகுவை அங்கேயே பிடித்தார்கள். இடுப்பில் பீற்றரைக் கொன்று பறித்த வெள்ளி அரைஞாண் இருந்தது; பழியை மாற்றத்தான் மைக்காரரைக் கூட்டி வந்திருந்தான். பஸ்தியான் வீட்டுக்கு வந்தான். மைக்காரர் மனுசியோடு சிறைக்குப் போனார்.

தோளோடு தோள் சுரூபம் காவினவனை வெற்றிலையில் கொலைகாரனாகக் கண்ட ஐயாமாரே, வெற்றிலை வாயில் போட்டு மெல்லுவதற்கு. யோசிப்பதற்குத் தலை இருக்கிறது. அதைச் சுரூபம் காவும்போது தலைத்துண்டு கட்ட மட்டும் வைத்திருக்காதீர்கள்.