ஜன்னலில் ஓடிய படம்

இருந்தாராம், இருந்தாராம், ஒரு மாப்பிள்ளை இருந்தாராம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உழவு சொல்லித் தருவாராம். தான் மட்டும் மண்வெட்டியைத் தொடமாட்டாராம். அவர் வேறு யாருமில்லை. நான்தான், ஃபத்சானி.

எங்கள் தெட்ஸா பக்கத்தில் கல்யாணம் ஆனால் பெண் புறப்படுவதில்லை. மாப்பிள்ளைதான் பாயைச் சுருட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவார். வீடு அவர்களுடையது, நிலம் அவர்களுடையது, முதுகு மட்டும் நம்முடையது. மழைக்கு முன்னால் மாமியாரின் மக்காச்சோளக் கொல்லையை மாப்பிள்ளை கொத்தி வைக்க வேண்டும். வேலையைப் பார்த்து மாமியார் மனம் குளிர்ந்தால் கோழி அடித்துப் போடுவார். குளிராவிட்டால் மனைவியின் தாய்மாமன் வந்து பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்.

எனக்குப் பாய் விரித்தபடியே இருக்க வேண்டும். கோழியும் வேண்டும். தினமும் நிசிமாக் களிக்குப் பூசணியிலையே தொட்டுக்கொண்டு நாக்கு பச்சையாகிவிட்டது.

கோழி என்றால் சும்மா கோழி இல்லை. மாமியாரும் மாப்பிள்ளையும் முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. அவர் வழியில் வந்தால் நான் புதருக்குள் ஒதுங்கிவிடுவேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதை அவர் கக்கத்தில் இருக்கும் சிவப்புக் கோழியிடம் சொல்வார். எங்கள் குடும்பத் துபாஷி அது.

"ஏ கோழி, அடுத்த வீட்டு மாப்பிள்ளை பாதிக் கொல்லைய முடிச்சிட்டாராமே?"

கோழி என்னைப் பார்க்கும். நான் அதன் தொடையைப் பார்ப்பேன்.

இந்த நேரத்தில்தான் வாலிபர் சங்கத்தில் என்னிடம் ஒரு பெட்டியை ஒப்படைத்தார்கள். சூரியத் தகட்டைக் கூரைமேல் சாய்த்துவைத்தால் பெட்டி சார்ஜ் ஏறும். மூடியைத் திறந்தால் சுவரில் விவசாயப் படம் ஓடும், எங்கள் பாஷையிலேயே பேசும். கரண்ட் கம்பியே வராத ஊரில் நான் ஒரே நாளில் வாத்தியார் ஆனேன். உடனே ஒரு திட்டமும் பிறந்தது.

"தமந்தா, இந்த வருஷம் நான் மண்வெட்டியத் தொடப் போறதில்ல."

"ஏங்க, கையில முள்ளு கிள்ளு குத்திடுச்சா?" என்றாள் என் மனைவி.

"வாத்தியார் கையில மண்ணு ஒட்டலாமா? நடவுக்குழி வெட்டற படத்தப் போடுவேன். பசங்க பாப்பாங்க. பாத்த கையோட, 'எங்க மாமியார் கொல்லையிலயே வெட்டிப் பழகுங்க'ன்னு அனுப்பிடுவேன். சாயங்காலத்துக்குள்ள கொல்லை பூரா குழி. நான் மாமரத்தடியில உக்காந்து மார்க் போடுவேன்."

"கோழி?"

"வாத்தியாருக்கு."

"அப்ப பசங்களுக்கு?"

"அறிவு."

தமந்தா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு இதெல்லாம் தோணவே தோணாதுங்க. அந்தப் பெட்டிய எப்படிப் போடறது, நிறுத்தறதுன்னு எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன். பாவம், நீங்க ஒருத்தரா கஷ்டப்படுவீங்க."

உச்சி குளிர்ந்து போய்க் காட்டிக் கொடுத்தேன். காட்டிக் கொடுத்தது யாரை என்பது பிறகுதான் தெரிந்தது.

படம் போட்ட நாளில் பள்ளிக்கூட அறை நிரம்பி வழிந்தது. வெளிச்சம் வராமல் ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் மாமியார் கொல்லை. சுவரில் ஒரு விவசாயி சிரித்துக்கொண்டே குழி வெட்டினார். நானும் சிரித்துக்கொண்டே பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தமந்தா. அவள் பின்னால் மாமியார். மாமியார் கக்கத்தில் துபாஷி.

"இங்க உக்காரும்மா. பெட்டி பக்கத்துலதான் நல்லாத் தெரியும்."

"ஏ கோழி, நிலம் நம்முது. பாடம் நாமளும் கேக்கலாம்தானே?"

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உட்காரக் கூடாது, நிமிரக் கூடாது, கதவுப் பக்கம் அவரைத் தாண்டியும் போகக் கூடாது. மிச்சமிருந்தது ஜன்னல். குதித்தேன். சாக்கும் என்னோடு பிய்த்துக்கொண்டு வந்தது. விழுந்த இடத்தில் சுவரில் சாய்ந்திருந்தது என் மண்வெட்டி. புதுப் பிடி போட்டு, தீட்டி, பளபளவென்று.

தமந்தாவும் ஒரு திட்டம் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உள்ளே வெயில் பாய்ந்து சுவரில் இருந்த படம் வெளுத்துவிட்டது. "அக்கா, படம் போயிடுச்சு!" என்று கத்தினாள் தமந்தாவின் சித்தி மகள் எஸ்நாத்.

"எங்கடி போச்சு? ஜன்னல்ல பாரு, எவ்வளவு தெளிவா ஓடுது!"

ஜன்னல் முழுக்கத் தலைகள். நடுவில் மாமியார். விளிம்பில் கோழி. கொல்லையை விட்டு வெளியே போகும் ஒரே வழி அந்த ஜன்னலை ஒட்டித்தான். நிமிர்ந்தால் மாமியார் முகம், குனிந்தால் மண். கையில் மண்வெட்டியோடு குனிந்து நிற்கும் மனிதன் வேறென்ன செய்வான்? வெட்டினேன்.

"அக்கா, இந்தப் படத்துல ஆளு ரொம்ப மெதுவா வெட்டறாரே?"

"இப்பதான ஆரம்பிச்சிருக்கு. போகப் போகச் சூடு பிடிக்கும்."

"அத்தான்! மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒண்ணாக் கொட்டிட்டீங்க! மேல்மண்ணத் தனியா வெச்சு, எருவோட கலந்து திரும்பப் போடணும்னு படத்துல சொன்னாங்களே!"

உண்மைதான். அந்தப் படத்தைப் போட்டதே நான்தான். பார்க்கத்தான் இல்லை.

"தப்பாப் போச்சுன்னா என்ன செய்யணும்?" என்றாள் தமந்தா.

"முதல்லேருந்து போடணும்!"

குழியை மூடி மறுபடி வெட்டினேன். "அங்கயே நிறுத்துக்கா!" என்றார்கள். ஓங்கிய மண்வெட்டியோடு நின்றேன்.

"நிக்கறப்ப அசையாம நிக்குதே!"

"அதுல மட்டும் என் வீட்டுக்காரர அடிச்சுக்க ஆளே கிடையாது."

"தமந்தா," என்று மண்ணைப் பார்த்துச் சன்னமாகச் சொன்னேன், "முதுகு..."

"சார்ஜ் தீந்துடுச்சா?"

"சுத்தமா."

"வெயில்லதானங்க நிக்கறீங்க? தானா ஏறும்."

ஏறத்தான் செய்தது. முதல் குழி கோணல், அடுத்தது பரவாயில்லை, அதற்கடுத்தது எனக்கே பிடித்துவிட்டது. வெயில் சாயும்போது பிள்ளைகளும் இறங்கி ஆளுக்கொரு குழி வெட்டிப் பார்த்தார்கள். "இப்பதான் அத்தான் புரிஞ்சுது. சுவத்துல பாத்தப்ப இவ்வளவு புரியல" என்றாள் எஸ்நாத். உடம்பெல்லாம் வலித்தாலும் உள்ளுக்குள் இனித்தது.

பிள்ளைகள் பாடிக்கொண்டே கலைந்தார்கள். தமந்தா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்க, அடுப்பு மூட்டப் போறேன்" என்று கிளம்பினாள். அடுப்பு என்றதும் எனக்குக் கோழி வாசனையே வந்துவிட்டது.

மாமியார் மட்டும் நின்றார். குழிகளை வரிசையாகப் பார்த்தார். நான் தலை குனிந்து, காதை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ஏ கோழி, மாப்பிள்ளை அருமையா வேலை செஞ்சிருக்கார். மனசு குளுந்து போச்சு. இன்னைக்கு உன்னத்தான் அடிச்சுக் குழம்பு வெக்கணும்னு இருந்தேன்."

எனக்கு எச்சில் ஊறியது.

"ஆனா உன்ன அடிச்சிட்டா, அவர் அருமையா வேலை செஞ்சார்ங்கறத அப்புறம் நான் யார்கிட்டச் சொல்றது?"

கோழி என்னை ஒருமுறை பார்த்தது. மாமியார் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழியில் கொஞ்சம் பூசணியிலை பறித்துக்கொண்டு, நடந்துபோனார்.