அட்டைக்குப் போன கடல்

பகலிலேயே கனவு காண்பவர்களை நம்பிக் கண்ணாடிப் போத்தல் எதையும் ஒப்படைக்கக் கூடாது. இந்து சமுத்திரத்தையே தொலைத்தவள் நான், சொல்கிறேன்.

அப்போது கடல் ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு முதல் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். எங்களிடம் ஒரு கிளைடர் இருந்தது. மஞ்சள் உடம்பு, இரண்டு சிறகு. ஆளில்லாமல் கடலுக்குள் மெல்ல அமிழ்ந்து, மெல்ல எழுந்து, போகும் வழியெல்லாம் உப்பை அளக்கும். (என் கண்ணுக்கு அது தூக்கத்தில் நடக்கும் மீன்.) நாளாக ஆகப் பாசி படிந்து அதன் அளவு பிசகும். அதனால் அதைத் திருப்பி எடுக்கும்போது பக்கத்திலேயே கடல்நீர் பிடித்து, கொழும்பில் துல்லியமாக அளந்து, பிசகைத் திருத்துவோம். அந்த நீர் இல்லையென்றால் கிளைடர் அளந்த அத்தனையும் வீண்.

அந்த நீர்தான் இரண்டு போத்தல்களில் என் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை அம்பாந்தோட்டைக் கடலில் கிளைடரை எடுத்துவிட்டு நான் கொழும்புக்கு வந்த பஸ் பெல்மதுளையைத் தொட்டபோது, ஓப்பநாயக்கப் பக்கத்து மலைகளில் மூடுபனி இன்னொரு கடலாய்க் கிடந்தது. அங்கேதான் அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டமும் எங்கள் வீடும். இறங்கிவிட்டேன். திங்கள் காலை கொடுத்தால் போதும்தானே!

சனிக்கிழமை பகல் முழுக்கத் தூங்கினேன். கிளைடர் தேயிலைக்கு மேலே மிதந்து போவதாகக் கனவு. எழுந்து பார்த்தால், ஒரு போத்தல் கழுவிக் கவிழ்த்திருந்தது. மற்றதைக் காணவில்லை.

"அம்மா, இதுல இருந்த தண்ணி?"

"அட்டைக்குக் கால்ல தடவிக்கிட்டேன் புள்ள. எனக்குன்னு நீ உப்புக் கரைச்சுக் கொண்டாந்தேன்னு நெனச்சேன்."

எங்கள் மலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள், இரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறாமலிருக்க, உப்புத் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போவதில்லை. அம்மாமேல் என்ன தப்பு? மற்றதும் காலில்தான் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். புத்தியுள்ள பெண் உடனே உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் அடுப்படிக்குப் போய்க் கழுவிய போத்தலில் உப்புக் கரைத்தேன். நாக்கில் விட்டுப் பார்த்தேன். கண்ணை மூடி அம்பாந்தோட்டையை நினைத்துக்கொண்டு இன்னொரு சிட்டிகை போட்டேன். (நாலு தசமம் வரை பார்க்கும் கருவிக்கு என் நாக்குதான் போட்டி.)

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் எங்கள் தலைவி மேடம் அளந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தமே போடமாட்டார்.

"பிள்ளை, இந்தக் கடலை எங்க எடுத்தனீங்கள்?"

"கிளைடருக்குப் பக்கத்துல, மேடம்."

"அப்ப கிளைடர் ஊறுகாய்ப் பானைக்குள்ள நீந்தியிருக்குது."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மற்றப் போத்தல்?"

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அது இந்தா கையில இருக்கு. மலையில நிக்கிறேன். மழை புள்ள, அட்டை மொய்க்குது, இப்பத்தான் தொறக்கப் போறேன்."

"தொறக்காதீங்கம்மா! அது கடல்!"

"இத அன்னைக்கே சொல்ல வாயில்லையா ஒனக்கு?"

அன்று மாலை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் போத்தலைச் சுற்றி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல், அம்மாவே கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தார். காலில் அட்டை கடித்த மூன்று இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. எனக்கு மறுபடி அழுகை வந்தது. கிளைடரின் கணக்கு நேரானது. என் வேலையும் தப்பியது.

இன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்துப் போத்தல்களில் மூன்று மொழியிலும் ஒரு வரி ஒட்டியிருக்கும்: 'அட்டைக்கு அல்ல.' மழைக்காலம் வந்தால் அம்மாவிடமிருந்து போன் வரும்.

"புள்ள, அந்தக் கடல் இன்னும் கொஞ்சம் கெடைக்குமா? அத தடவுன அன்னைக்கு ஒரு அட்டைகூட ஏறல."