பல்செட் கட்டியதும் தாசில்தார் இடித்ததும்

மதுரை ஜில்லாவில் வீடு கட்டித் தோற்றுப்போனவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் பதினேழு அறைகளை ஓட்டை உடைசல் இல்லாமல் கட்டி முடித்துவிட்டு, தான் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாமல் பாயில் கிடந்தவர் எங்கள் பல்செட் ஒருவர்தான்.

அவருக்கு ஆதார் அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டையில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. டவுனில் ஒரு லேபில், பல் டாக்டர்கள் அனுப்பும் அளவுப்படி செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் வேலை. நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு மாணவன். இரண்டு பேரும் ஒரே போர்ஷனில் குடியிருக்கிறோம். அந்த யோசனை அவருக்குத் தோன்றிய நிமிடத்தில் நான் பக்கத்திலேயே இருந்தேன் என்பது என் ஜாதகக் கோளாறு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். லேபிலிருந்து கொண்டுவந்த ஒரு மேல்வரிசைப் பல்செட்டை, தூசி படாமல் இருக்கக் காலி செருப்பு டப்பாவைப் பக்கவாட்டில் நிறுத்தி அதற்குள் வைத்திருந்தார். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தவர் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இது என்னது?"

"பல்செட்டுண்ணே."

"நல்லாப் பாரு."

"மேல்வரிசைப் பல்செட்டுண்ணே."

"சோபாடா."

குனிந்து பார்த்தேன். ரோஸ் கலரில் வளைந்த இருக்கை, வரிசையாக வெள்ளைத் திண்டுகள், பின்னால் செருப்பு டப்பாவின் சுவர். எவனோ வசதியானவன் வீட்டு ஹால் மாதிரிதான் இருந்தது. "ஆமாண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வருடமாக அனுபவிக்கிறேன்.

அன்றிலிருந்து அறை கட்ட ஆரம்பித்தார். முதலில் செருப்பு டப்பாவில், அப்புறம் முன்பக்கம் திறந்திருக்கும் பிளைவுட் பெட்டிகளில். பரோட்டாக் கடை, தையல் கடை, ஆஸ்பத்திரி வார்டு. நிஜத்தில் ஒரு அடி என்றால் பெட்டிக்குள் ஒரு இன்ச். அதில் நூல் அளவுகூட விட்டுக்கொடுக்க மாட்டார். பல் செய்கிற மெழுகில் அவர் செய்த பரோட்டாவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடுக்கு தெரியும். நிஜ பரோட்டா வாங்கப் போனால் சால்னாவை மறந்துவிட்டு வருவார்.

மரம் வேண்டியிருந்தபோது, ஊரிலிருந்து அவர் அம்மா கொடுத்தனுப்பிய வேங்கைக் கட்டிலை அறுத்தார். நாற்பது நாற்காலி வந்தது. நாற்பதையும் சேர்த்துப் போட்டாலும் ஒரு ஆள் உட்கார முடியாது. மேஜை போனது, அலமாரி போனது. என் புத்தக ரேக்கைத் தடவிப் பார்த்து "நல்ல வைரம் பாஞ்ச மரம்" என்று அவர் சொன்ன அன்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் என் டிபார்ட்மென்டில் வைத்துவிட்டேன்.

சலூன் கட்டுவதற்காக என்னைக் காளவாசல் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். வாசற்படியிலிருந்து டேப்பைப் போட்டு அளந்தார். நான் நோட்டில் எழுதினேன். ரோட்டோரத்தில் ஒருத்தர் டேப்போடும் ஒருத்தர் நோட்டோடும் நின்றால் ஜனங்கள் யாரென்று நினைப்பார்கள். சலூன்காரர் சத்தமில்லாமல் வெளியே கிடந்த பெஞ்சை உள்ளே இழுத்தார். பக்கத்து டீக்கடையில் தகரப் பந்தல் மடங்கியது. செல்போன் கடைக்காரர் போர்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பத்தே நிமிடத்தில் அந்த நடைபாதையில் கார் ஓட்டலாம் போல இருந்தது.

"சார், அந்தப் படி மட்டும் எங்கப்பா காலத்துல கட்டுனது சார்" என்றார் சலூன்காரர்.

"எனக்கு அந்தப் படிதாங்க முக்கியம்" என்றார் பல்செட், ஆசையோடு.

பாவம், அந்த மனிதர் சேவல் சண்டையில் தோற்ற மாதிரி ஆகிவிட்டார். பொம்மைச் சலூனுக்கு அளவு எடுக்கிறோம் என்று நான் விளக்கிச் சொல்லி முடித்தபோது அவர் கையில் கத்தி இருந்தது. "இந்தப் பொம்மைக்காகவாடா என் பெஞ்ச உள்ள தூக்கிப் போட்டேன்" என்பது வரைதான் எங்கள் காதில் விழுந்தது. மிச்சம் விழாத தூரத்துக்குப் போய்விட்டோம்.

இவர் இப்படிக் கட்டிக்கொண்டே போனால் யார்தான் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஐப்பசி மழையில் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம், செல்போன் கனம். அன்றைக்குத்தான் ரேஷன் கடையை முடித்துத் தரையில் காயவைத்திருந்தார். குட்டி நேராக அதற்குள் போய்ப் படுத்தது. அவர் அளவுப்படி பார்த்தால் ரேஷன் கடைக்குள் பத்தடி நீளப் புலி. அரிசி மூட்டை சரிந்தது, தராசு நசுங்கியது, மண்ணெண்ணெய் பேரல் உருண்டது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இடித்துவிட்டு அதே இடத்தில் கண்ணை மூடித் தூங்கியதால் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தேன்.

தாசில்தார் இடிக்காத நாள் கிடையாது. பரோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கட்டிலடியில், அதாவது கட்டில் இருந்த இடத்தில், சேர்த்து வைத்தது. ஆஸ்பத்திரி வார்டில் குளுக்கோஸ் பாட்டிலைக் கடித்தது. இவர் வித்தையை உலகத்துக்குக் காட்டலாம் என்று நான் இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு தொடங்கிப் போட்ட முதல் வீடியோவில், தையல் கடையை மறைத்துக்கொண்டு அதன் பின்பக்கம்தான் தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பூனைக்குத்தான் லைக் போட்டார்கள்.

"இன்னைக்கு இதைச் சாக்குல போட்டுத் திருமங்கலம் பஸ்ல ஏத்திவிட்டுட்டுத்தான் மறுசோலி" என்று தினமும் கத்துவார். சாக்கை விரிப்பார். அது தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும்.

"கட்டுங்கண்ணே" என்பேன்.

"தூங்குதுடா. எந்திரிக்கட்டும்."

இந்த லட்சணத்தில் அவருக்கு முப்பத்து நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அவர் அம்மா அனுப்பிய வரன்களில் நான்கு தட்டிப்போயிருந்தன. ஐந்தாவதாக ஒத்தக்கடையில் ஒரு பெண் அமைந்தது. பெயர் கார்த்திகா, பள்ளிக்கூட டீச்சர். இதுவும் போனால் இனி பார்ப்பதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். இவரும் போட்டோவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லேபுக்குப் போகும்போதும் அது பையில்தான் இருந்தது.

பெண் பார்க்க நானும் போனேன். எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். இவர் ஜன்னல் கம்பியை எண்ணினார். வெளியே வந்ததும் "பொண்ணு எப்படிண்ணே?" என்றேன்.

"நல்லா இருக்காங்க" என்று காது சிவக்கச் சொல்லிவிட்டு, "அவங்க வீட்ல அடுப்பு மேடைதான் ரொம்பத் தாழ்வா இருக்கு" என்றார்.

அடுத்தது எங்கள் பக்கத்தில் முக்கியமான கட்டம். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை இருக்கும் வீட்டைப் பார்க்க வருவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் காலி செய்துவிடுவேன், இதே போர்ஷனில்தான் குடித்தனம் என்று பேச்சு. வருகிறவர்கள் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? பெட்டிகளை விட்டால் இரண்டு பாய், ஒரு பூனை.

நான் பரபரவென்று திட்டம் போட்டேன். நண்பன் வீட்டு சோபா, கீழ்வீட்டு ஃபிரிட்ஜ், ஹாஸ்டலிலிருந்து இரண்டு கட்டில். ஒருநாள் இரவல்.

"பொய்யா காட்டச் சொல்ற?" என்றார்.

"அப்ப எதைக் காட்டப் போறீங்க?"

"வீட்ட எப்படி வைக்கப்போறேன்னு கட்டிக் காட்டுறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். லேபுக்கு லீவு போட்டுவிட்டுப் பதினெட்டாவது பெட்டியைக் கட்டினார். எங்கள் போர்ஷனேதான்; ஆனால் கட்டில், அலமாரி, திறந்து மூடும் ஃபிரிட்ஜ். சமையல் மேடையில் வந்து கை நின்றுவிட்டது. பெண்ணுக்கு போன் போட்டார். கல்யாணம் பேசியிருக்கும் பெண்ணிடம் ஒரு மனிதர் பேசும் முதல் போன். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வணக்கம்ங்க. தரையில இருந்து உங்க முழங்கை எம்புட்டு உயரம்ங்க?"

எதிர்முனையில் போன் கட்டாகிவிட்டது.

"வெளங்குச்சு" என்றேன். "அஞ்சாவதும் போச்சு."

கால் மணி நேரம் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மூன்று அடி நான்கு இன்ச். வேறு ஒரு எழுத்து இல்லை. இவர் அதற்குக் கீழே நான்கு இன்ச் கழித்து, மூன்றடிக் கணக்கில், பெட்டிக்குள் மூன்று இன்ச் உயரத்துக்கு மேடை போட்டார். வீட்டு ஓனரிடம் நிஜ மேடையை உயர்த்தவும் சம்மதம் வாங்கிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் வந்தார்கள். அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இரவல் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து நான்கு சுவரையும் பார்த்தார்கள்.

"சாமான்லாம் எங்க மாப்ள?" என்றார் தாய்மாமன்.

"இதுக்குள்ள இருக்குங்க" என்று துண்டால் மூடிய பெட்டியை நடுவில் கொண்டுவந்து வைத்தார் பல்செட். பெட்டி வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதே என்று அந்த மனிதருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. துண்டை எடுத்தார்.

கட்டில் இரண்டாக முறிந்து கிடந்தது. அதன்மேல் மல்லாந்து, ஃபிரிட்ஜ் கதவை வாயில் கவ்வியபடி ஒரு ஜீவன் தூங்கியது.

"தாசில்தார், வெளிய வா" என்று கத்தினார் பல்செட்.

பெண்ணின் அப்பா பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். "எந்தத் தாசில்தார்?"

"பூனைங்க. பேரு தம்பி வச்சது" என்று என்னைக் காட்டினார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இனி அந்தத் தாலுகாவில் எந்தச் சான்றிதழும் கிடைக்காது.

விழித்த குட்டி சோம்பல் முறித்துவிட்டுத் தாய்மாமன் வேட்டியில் ஏறியது. அவர் அதை உதறினார். "நாங்க என்ன பொம்மைக் கல்யாணத்துக்கா வந்திருக்கோம்? நல்ல காரியம் பேசுற எடத்துல பூனை குறுக்க வருது. முதல்ல இதைக் கொண்டுபோய் எங்கயாச்சும் விட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

எவ்வளவு சுலபமான விஷயம். தினமும் இவர் செய்யப்போவதாகச் சொல்வதுதான். சாக்குகூட மூலையில் தயாராக இருந்தது. நான் எடுத்து நீட்டினேன். இவர் வாங்கவில்லை.

"வேணாம்ங்க. சின்னக் குட்டி. அது இருக்கட்டும்."

"அப்ப பூனையா பொண்ணா, நீங்களே சொல்லுங்க" என்றார் அப்பா.

எந்தப் புத்தியுள்ள மனிதனும் இதற்கு வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவான். இவர் பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் இடம் இருக்குங்க. அளந்துட்டேன்."

தாய்மாமன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அப்பாவும் இறங்கினார். நான் இவரைக் கொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அம்மா மட்டும் நகரவில்லை. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். நல்ல உயரமான பெண்மணி. கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. பெட்டிக்குள் விரலை விட்டுச் சமையல் மேடையைத் தொட்டார்.

"இது ஏன் தம்பி இம்புட்டு ஒசரமா இருக்கு?"

"அவங்க முழங்கைக்குத் தோதா வச்சேன்மா. தாழ்வா இருந்தா குனிஞ்சே நிக்கணும். இடுப்பு போயிரும்."

"அதுக்குத்தான் போன்ல கேட்டீகளா?"

"ஆமாம்மா."

அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். "எங்க வீட்ல ரெண்டரை அடிதான்" என்றார். வாசலிலிருந்து தாய்மாமன் கூப்பிட்டார். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் எந்தத் தகவலும் இல்லை. பல்செட் முறிந்த கட்டிலை ஒட்டவே இல்லை. லேபில் ஒருத்தருக்குக் கீழ்வரிசையை மேல்வரிசையாகச் செய்துவிட்டார் என்று கேள்வி. "ஒரு பூனைக்காகப் பொண்ண விட்டுட்டீங்களேண்ணே" என்று நானும் என் பங்குக்கு மூன்று வேளையும் சொன்னேன். நான்காம் நாள் போன் வந்தது. பெண்ணின் அம்மாதான்.

"தம்பி, கார்த்திகாவோட தாய்மாமன் இன்னும் மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. கார்த்திகா வேற எடம் பார்க்க வேணாம்னுட்டா. வீட்ல ஒரே சண்டை. நீங்க ஞாயித்துக்கிழம வந்து எங்க அடுப்பு மேடைய ஒசத்திக் கொடுங்க. பொம்மையில இல்ல, நெசமா. எங்க வீட்டுக்காரரு பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கிறேன்."

"உங்க முழங்கை எம்புட்டும்மா?" என்றார் இவர். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆக, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்குப் போகிறோம். பழைய மேடைக் கல்லைப் பெயர்த்து, அடியில் இரண்டு வரிசை செங்கல் ஏற்றி, மறுபடி கல்லைப் பதிக்க வேண்டும். நேராக நின்றால் கல்யாணப் பேச்சு. சரிந்தால், தாய்மாமன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இந்த மேதை தன் ஆயுளில் இதுவரை குழைத்த சிமென்ட் மொத்தம் இரண்டு ஸ்பூன். கொத்தனாரை வைத்துக்கொள்ளலாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார். அந்த அம்மா தன்னைத்தான் கூப்பிட்டாராம். எனக்கும் கரண்டி பிடிக்கத் தெரியாது. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

சிமென்ட் இறுகுகிறவரை பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லது என்றார். மேடைக்கா, அவருக்கா என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு சொல்லிவிட்டேன்.