ஒரு காது ஒன்பதாயிரம் ரூபாய்

காது கேட்பதைச் சிக்கனமாகச் செலவு செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மரக்காணம் உப்பளத்தின் லோடு மேஸ்திரி. இது நடந்தது நான் அங்கே கணக்கெழுதிய கடைசி வருஷம், 2005. 'மிஷின் மேஸ்திரி' என்றால் கிளியனூர் வரை தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே சந்தேகம்தான்.

ஒருநாள் ரிவர்ஸில் வந்த லாரி அவர் வேட்டியை உரசிக்கொண்டு போனது. ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. முதலாளி கத்தினார்: "ஏம்பா, நீ செத்தா நான்தான் கோர்ட்டுக்கு அலையணும். காதுக்கு மிஷின் வாங்கி மாட்டு, இல்ல லோடு வேலைய விட்டுடு!"

விலை விசாரிக்க நானும் புதுச்சேரிக்குத் துணைக்குப் போனேன். கடையில் ஏ.சி., கண்ணாடி அறை, டை கட்டிய ஒருவர். மலிவானதே ஒன்பதாயிரம் என்றார். எடை கேட்டேன். மூன்று கிராம். கிராம் மூவாயிரம்! அப்போது தங்கமே அறுநூற்றுச் சொச்சம்தான்.

"உள்ள வைரமாங்க இருக்குது?"

"டெக்னாலஜி சார்."

பேட்டரி தனி. காதுக்கு அச்சு எடுப்பது தனி. சோதித்துப் பார்த்ததும் தனி. நாற்காலியில் உட்கார்ந்ததற்குப் பில் போடாதது அவருடைய மறதி.

மேஸ்திரியின் மனைவி அஞ்சலை அதே உப்பளத்தில் கூடை சுமப்பவள். கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்த கையோடு ஊரைக் கூட்டினாள்: "பாருங்கடி, என் காதுல கெடந்தத வித்து இந்தாளு காதுல மாட்டிக்கப் போறாரு!"

மீதிக்கு முதலாளியின் அட்வான்ஸ். பணத்தை எண்ணி உள்ளே வைத்த பிறகுதான் டைக்காரர் வாய் திறந்தார்: "வேர்வை படக்கூடாது. உப்புக்காத்து ஆகவே ஆகாது. பட்டா வாரண்டி கிடையாது."

உப்பளத்து ஆளிடம் சொல்கிறார்!

அன்று முதல் மேஸ்திரி வேலைக்கு வந்ததும் மிஷினைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஈரத்தை இழுக்கட்டும் என்று டிபன் பாக்ஸில் அரிசிக்குள் புதைத்துவிடுவார். முதலாளி வந்தால் டப்பாவைத் திறந்து, துடைத்து, ஊதி, மாட்டி, "இப்ப சொல்லுங்க" என்பார். அதற்குள் முதலாளிக்கு வந்த விஷயம் மறந்திருக்கும்.

பேட்டரிக்குப் பாண்டி பஸ் ஏற வேண்டும். ஆகவே மற்றவர்களிடம் ஒரே கேள்வி: "நீ சொல்லப்போறது பேட்டரிக்குப் பெறுமா?" பாதிப்பேர் யோசித்துப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். ஓட்டுக் கேட்க வந்தவர் அரைமணி நேரம் பேசினார். மேஸ்திரி பக்தியோடு தலையாட்டினார். மிஷின் அரிசியில் இருந்தது.

இரண்டாவது லாரியும் உரசியது. முதலாளி பாய்ந்து வந்தார். "மிஷின் எங்கய்யா?"

"டப்பால பத்திரமா இருக்குது சார்."

"நாள் முழுக்க மாட்டிக்கினு நிக்கிறதுன்னா நில்லு. இல்ல, அம்பாரத்துக்குக் காவல் போ. பாதிக் கூலி."

மேஸ்திரி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உப்புக் குவியல்களுக்குக் காவலாகப் போய்விட்டார்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். வீட்டுக்கே போய்க் கேட்டேன். "வேலைக்காக வாங்கின மிஷின். அதைக் காப்பாத்த வேலையை விட்டீங்களே, கணக்கு இடிக்குதே?"

"லோடுல இன்னா சார் கேக்கப்போவுது, ஹாரன் சத்தந்தான்" என்றார். "ஏழு வருசமா இவ இன்னா திட்றான்னே தெரியாம வாயப் பாத்துக்கினு இருந்தேன். இப்பதான் ஒண்ணு விடாம கேக்குது."

உள்ளேயிருந்து அஞ்சலை ஆரம்பித்தாள். "பாதிக் கூலிக்குப் போன தொரைக்கு, சோறு மட்டும் முழுசா வேணுமா?" மேஸ்திரி என்னைக் கையமர்த்திவிட்டுக் காது மிஷினின் வால்யூமைக் கூட்டினார்.

நான் சத்தம் போடாமல் எழுந்து வந்தேன்.