கால் வினாடியை ஒழித்த அலுவலகம்

காத்திருத்தல் என்னும் கொடுமையை மனித குலத்திலிருந்து துடைத்தெறிந்த பெருமை, ஒரு மூன்றாம் மாடி அலுவலகத்தையே சேரும். லிஃப்ட் பழுது என்பதால் அந்த அலுவலகத்துக்கு எல்லோரும் நின்று நின்று, மூச்சு வாங்கித்தான் படியேறினார்கள் என்பது வேறு விஷயம். மகத்தான காரியங்களில் இந்த மாதிரிச் சில்லறைக் குறைகளைப் பார்க்கக் கூடாது.

அங்கே மென்பொருள் எழுதும் பெண் ஒருத்தி இருந்தாள். எந்தக் கூட்டத்திலும் கடைசியாகக் கை தூக்கி, "அப்படின்னா..." என்று இழுப்பாள். அதனால் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர். வைத்தவர் மேலாளர். அன்பாகத்தான் வைத்தார், ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலும் மறக்காமல் குறிப்பிடும் அளவுக்கு அன்பு.

வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்சுகளுக்காக அவள் ஓர் இணையப் பக்கம் தயாரித்திருந்தாள். நர்ஸ் கையில் ஒரு டேப்லெட். குழந்தையின் பெயர், வயது, எந்த ஊசி, எத்தனையாவது தவணை என்று தட்டி, 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். பல தெருக்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே தகவல் அந்த டேப்லெட்டின் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் கிடங்கில் போய்ச் சேரும். பத்து நாளுக்கு ஒருமுறை நர்ஸ் மருத்துவமனைக்கு வந்து மொத்தத்தையும் அனுப்பிவிடுவார்.

இந்தக் கிடங்குக்கு ஒரு குணம் உண்டு. 'இதை வை' என்று கொடுத்தால் கையோடு வைத்துவிடாது. கோரிக்கையை வாங்கிக்கொள்ளும், 'நீ உன் வேலையைப் பார், நான் கூப்பிடுகிறேன்' என்று நம்மை அனுப்பிவிடும். பிறகு சொன்னபடி கூப்பிட்டு, 'வைத்தாயிற்று' என்றோ, 'முடியவில்லை, காரணம் இது' என்றோ சொல்லும். அதுவரை நாம் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கேள்விக்குறி திறந்துதான் வைத்திருந்தாள். பதில் வரும்வரை திரையில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். நல்ல பதிலுக்குப் பச்சை டிக். கெட்ட பதிலுக்குச் சிவப்பில் ஒரு வரி.

சக்கரம் சுற்றிய நேரம் கால் வினாடி.

அந்தக் கால் வினாடியைக் கண்டித்து அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. இரண்டரை மணி நேரம் நடந்தது.

"என்னம்மா இது, சுத்திக்கிட்டே இருக்கு?" என்றார் மேலாளர்.

"கிடங்குலேருந்து பதில் வரணும் சார். அதுவரைக்கும்..."

"நர்ஸுன்னா உயிர் காக்குறவங்க. அவங்களைப் போயி நிக்க வைக்கலாமா?"

"கால் வினாடிதான் சார்."

"நாலு நர்ஸ் நின்னா ஒரு வினாடி ஆச்சேம்மா!"

அறையே அதிர்ந்தது. படம் வரையும் டிசைனர் இந்தக் கணக்கைப் பயபக்தியோடு நோட்டில் குறித்துக்கொண்டார்.

"பொத்தானை அழுத்தின நொடி பச்சை டிக் வரணும்" என்றார் மேலாளர்.

கேள்விக்குறி கை தூக்கினாள். "அப்படின்னா... அந்த நொடியில கோரிக்கை மட்டும்தானே சார் போயிருக்கும்? பதில் வந்திருக்காதே?"

"வர்றப்ப வரட்டும். கதவைச் சாத்தியா வச்சிருக்கோம்?"

"வந்து, 'முடியல'ன்னு சொன்னா?"

மேலாளர் கண்களை மூடித் திறந்தார். "வெயில்ல அலையுற பொண்ணுகிட்ட அதைச் சொல்லி மனசை நோகடிக்கணுமா? யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்மா. விட்டுடு."

இவ்வாறாக 'நல்வார்த்தைக் கொள்கை' பிறந்தது. கூட்டக் குறிப்பில் பின்வருமாறு பதிவாயிற்று: 'சக்கரம் ஒழிக்கப்படுகிறது. பிழைச் செய்திகள் உரிய மரியாதையுடன் அமைதிப்படுத்தப்படுகின்றன.'

கேள்விக்குறி இருக்கைக்கு வந்தாள். கிடங்கின் பதிலைக் கேட்பதற்கென்று அவள் எழுதியிருந்தது மொத்தம் மூன்று வரி. வெள்ளிக்கிழமை மதிப்பீடு. 'நமக்கு ஏன் வம்பு' என்று மூன்றையும் அழித்தாள். சாப்பிடப் போனாள்.

கொள்கையின் பலன் உடனே தெரிந்தது. அந்த மாதம் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. 'பிழையை வென்ற பெருந்தகை' என்று பொறித்த கேடயம் ஒன்று மேலாளருக்குத் தலைமையகத்திலிருந்து வந்தது. கீழே வைத்தால் தூசி படியும் என்று அதை அவர் அலமாரி உச்சியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே தூசி இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நர்ஸ் ஒருவர் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு கையில் டேப்லெட், மறு கையில் நான்காக மடித்த நோட்டீஸ். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேள்விக்குறி, அவளிடம்தான் நீட்டினார்.

"பத்து நாள் வேலைம்மா. அனுப்பலாம்னு அழுத்தினா, 'அனுப்ப எதுவும் இல்லை'ன்னு வருது. நான் வீட்டுக்கே போகாம போனதா பொய் சொல்றேனாம். மூணு நாளுக்குள்ள விளக்கம் கேட்டிருக்காங்க. பதினெட்டு வருஷ சர்வீஸ் தங்கச்சி."

கேள்விக்குறி கிடங்கைத் திறந்து பார்த்தாள். காலி. நர்ஸ் பையிலிருந்து எடுத்த நோட்டுப்புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள் இருந்தன, ஊசி போட்ட குழந்தைக்கு ஒரு கோடு வீதம். கிடங்கில் ஒரு பெயர்கூட இல்லை. காரணம் தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டேப்லெட்டில் இடமே இல்லை. 'சேமிப்பது எப்படி?' என்ற தலைப்பில் மேலாளர் தாமே தோன்றிப் பேசிய ஒன்பது பயிற்சி வீடியோக்கள் மொத்த இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தன.

மேலாளர் நர்ஸை அன்போடு வரவேற்றார்.

"பச்சை டிக் வந்துச்சா மேடம்?"

"வந்துச்சுங்க. ஒவ்வொரு தடவையும் வந்துச்சு."

"உடனே வந்துச்சா?"

"உடனே வந்துச்சு."

"அப்போ எங்க பக்கம் எல்லாம் சரியாத்தானே நடந்திருக்கு!" மேலாளர் முகம் மலர்ந்தது. "உங்க அனுபவம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு நட்சத்திரம் போட்டுட்டுப் போங்க."

நர்ஸ் நோட்டீஸை அவர் மேசையில் விரித்து வைத்தார். அழுவதா, கையில் இருப்பதை எறிவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

அவருடைய மருத்துவ அதிகாரிக்கு ஒரு கடிதம் தருவதாக மேலாளர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கி, யார் எதைச் செய்தார்கள் என்பது ஏழு கடலுக்கு அப்பாலும் தெரியாத விதத்தில் ஒன்றைத் தட்டி, கேள்விக்குறியிடம் கொடுத்து அச்சடிக்கச் சொன்னார்.

அவள் அதைப் படித்தாள். பிறகு வேறொன்றை எழுதினாள்.

'கோளாறு எதுவும் இல்லை. இடம் போதவில்லை என்று கிடங்கு இருநூற்றுப் பன்னிரண்டு முறை சொல்லியிருக்கிறது. அதைக் கேட்க வேண்டாம் என்று முடிவெடுத்தது எங்கள் அலுவலகம். கேட்கும் வரிகளை அழித்தவள் நான். நர்ஸ் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறார்.' கீழே கையெழுத்துப் போட்டு, நர்ஸோடு படியிறங்கி, அதிகாரியின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

நகலைப் படித்த மேலாளர் இடிந்துபோனார். "இவ்வளவு பச்சையாவா எழுதுவாங்க? கொஞ்சம் நல்ல வார்த்தையா எழுதியிருக்கலாமே!"

"நல்ல வார்த்தையா சொன்னதாலதான் சார் நர்ஸக்காவுக்கு நோட்டீஸ் வந்துச்சு."

மதிப்பீட்டுப் படிவத்தில் 'எதிர்மறை எண்ணம் உடையவர்' என்ற வரி ஏறியது. நோட்டீஸ் ரத்தானது. ஆனால் குழந்தைகளின் விவரம் திரும்பி வரவில்லையே? கேள்விக்குறி, அழித்த மூன்று வரிகளை யாரையும் கேட்காமல் மறுபடி எழுதினாள். விடுப்புப் போட்டாள். நர்ஸோடு தெருத் தெருவாக நடந்தாள். ஒரு வீட்டில் ஊசி அட்டை இருந்தது. ஒரு வீட்டில் குழந்தை அதைப் பாதி தின்றிருந்தது. ஒரு வீட்டில், "ரெண்டாவது ஊசியா, மூணாவதா? அழுதான், அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு" என்றார்கள். தெரியாமல் திரும்பப் போடவும் முடியாது, விடவும் முடியாது. ஒவ்வொரு தாயிடமும் தேதி கேட்டு, கிழமை கேட்டு, எந்தத் தொடையில் வீங்கியது என்று கேட்டுக் கணக்கைச் சேர்த்தார்கள்.

எட்டாம் நாள், கடைசி வீடு. கதவைத் திறந்த தாய் இடுப்பில் குழந்தையோடு கொதித்தாள். "அன்னைக்கே எல்லாம் எழுதிக்கிட்டுத்தானே போனீங்க? இப்ப மறுபடியும் என்ன?"

"கம்ப்யூட்டர் மறந்துபோச்சும்மா" என்றார் நர்ஸ் சமாதானமாக.

கேள்விக்குறியால் பொறுக்க முடியவில்லை. "இல்லைங்க. அது மறக்கல. 'என்னால முடியல'ன்னு ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா சொல்லுச்சு. எங்க ஆபீஸ்ல உக்காந்து பேசி, அதோட வாயைப் பொத்திட்டு, எல்லாம் சரியா நடந்த மாதிரி காட்டினோம்."

அந்தத் தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஊசி அட்டையை எடுத்து வந்து நர்ஸிடம் கொடுத்தாள்.

"என் புள்ளைக்குப் போட்டாச்சு, இந்தா இருக்கு" என்றாள். "உங்க ஆபீசுக்கு எப்பப் போடுவாங்க?"