தூதர் முறித்து வைத்த உறவுகள்

ஒஸ்லோவில் ஒரு சிநேகிதத்தை முறிக்க வேண்டுமென்றால் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம், தூதரை மட்டும் அனுப்பக்கூடாது. அவர் ஒருமுறை போய்விட்டு வந்தால் அந்த உறவு ஏழு சென்மத்துக்கும் அறாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு மாடிக் கட்டடத்தில் தனியாக இருந்தார். பேக்கரியில் வேலை. இலங்கைக்குச் சமாதானம் பேச நோர்வேக்காரர் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. இவரும் யாருக்காகவோ யாரிடமோ பேசப் போய்வந்ததால் ‘தூதர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘இனி வராதே’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லத் தெம்பில்லாத நாங்கள் எல்லோரும் அவரைத்தான் பிடித்தோம். கேட்ட மாத்திரத்தில் ஓம் என்பார்.

முதலில் மாட்டியது வெஸ்ட்லியில் இருந்த செல்வி அக்கா. கூட வேலை செய்யும் ஒருத்தியைத் தினமும் தன் காரில் ஏற்றிப் போவார். அவளோ வழி நெடுகத் தான் கண்ட கனவைச் சொல்லிக்கொண்டு வருவாள்.

“விடியக்காலமை அவவின்ரை கனவைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை இடிக்குது” என்று செல்வி அக்கா தூதரிடம் அழுதார். தூதர் போனார். அடுத்த திங்கட்கிழமை காருக்குப் பக்கத்தில் அவளும் நின்றாள், அவளுடைய தங்கையும் நின்றாள்.

“உங்களுக்குத் தனியக் கார் ஓடப் பயமாம் எண்டு அண்ணை சொன்னவர்” என்றாள் அவள்.

தங்கையும் கனவு காண்கிறவள்.

இதைக் கேட்டாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் குணம் என்றொரு சிநேகிதர் இருந்தார். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வருவார், டிவி ரிமோட்டை எடுப்பார், போகமாட்டார். தங்கமான மனிதர். அதுதான் தொல்லையே.

“எனக்கு ஒரு சனிக்கிழமை வேணும். இல்லாட்டி நான் தங்கச்சி வீட்டை போயிடுவன்” என்றாள் மனைவி. தூதரைக் கூப்பிட்டேன்.

மாலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

“சொல்லிப்போட்டன் தம்பி.”

“என்னவாம்?”

“நல்லா விளங்கிக்கொண்டார். கண் கலங்கிப்போனார், பாவம்.”

எனக்கும் கலங்கியது. சனிக்கிழமை கதவு மணி அடித்தது. வாசலில் ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு குணம். பின்னால் பேக்கரிப் பாணோடு தூதர்.

“நான் வாறது காணாது, இன்னும் அடிக்கடி வரவேணுமெண்டு குறைப்பட்டனீங்களாமே! என்னட்டை நேரை சொல்லியிருக்கலாமே” என்று குணம் என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலால் தூதரைப் பார்த்தேன். காரியம் முடிந்தது என்பதுபோல அவர் தலையசைத்தார். எந்தக் காரியம் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மனைவி தங்கை வீட்டுக்குப் போனாள். நாங்கள் மூவரும் என் வீட்டில் இருந்தோம்.

“முதல் உந்தத் தூதரை நிப்பாட்டுங்கோ. குணத்தைப் பிறகு பாப்பம்” என்றாள் மனைவி.

தூதரிடம் யாரைத் தூது அனுப்புவது? நானே போனேன். தேத்தண்ணியும் பேக்கரியில் சுட்ட, ஏலக்காய் மணக்கும் பணிஸும் கொண்டுவந்து வைத்தார். எனக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

“ஒராள் இருக்கிறார் அண்ணை. நல்ல மனுசன். ஆனா அவர் உதவி செய்யச் செய்ய எங்களுக்குக் கரைச்சல்தான் கூடுது. அவருக்கு இதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

தூதர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“உம்மாலை ஏலாது தம்பி. ஆளின்ரை பேரைச் சொல்லும், நான் போய்க் கதைக்கிறன்.”

கடித்த பணிஸைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். விளங்கித்தான் கேட்கிறாரா, விளங்காமல் கேட்கிறாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

“அண்ணை, நீங்கள் அங்கை போய் உண்மையிலை என்னதான் சொல்லுறனீங்கள்?”

“வராதையுங்கோ எண்டு சொல்லத்தான் போறனான். கதவைத் திறந்தவுடனை, ஆரோ தங்களைத் தேடி வந்திட்டினம் எண்டு அவையின்ரை முகம் மலரும் பாரும். அதைப் பாத்தாப் பிறகு வாயிலை வேறை ஏதோதான் வருகுது.” கோப்பையை நிரப்பினார். “சரி, ஆர் அந்த ஆள்?”

எனக்குக் கதவைத் திறந்தபோது அவருடைய முகமும் அப்படித்தான் மலர்ந்திருந்தது.

“அது கிடக்கட்டும் அண்ணை” என்று சொல்லி இன்னொரு பணிஸ் எடுத்துக்கொண்டேன்.