ஒரே தலை, மூன்று ஆள்

உலகத்தில் ஒரே தலையை வைத்துக்கொண்டு மூன்று பேராக வேலை பார்த்தவன் எங்கள் 'வேண்டுதல்' ஒருவன்தான்.

அது நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை, பக்கத்துத் தடாவில் ஒரே அறையில் வாசம். யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் திருமலைக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டுவிடுவான். சூப்பர்வைசரின் பைக் காணாமல் போனது, கேன்டீன்காரர் மகளின் அரியர் பரீட்சை, மாடி வீட்டுக்காரரின் சிறுநீரகக் கல், எல்லாம் இவன் தலையில்தான் விடியும்.

"அவரு கல்லுக்கு அவரே மொட்டை போடட்டுமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவருக்கு முடி கம்மி நைனா. சாமி கணக்குல எடுத்துக்காது" என்றான்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி வாசலில், முகத்தைக் காட்டினால் திறக்கும் மெஷின் வைத்தார்கள். அதில் அவன் முடியோடு பதிவாகியிருந்தான். மலையிலிருந்து நேரே வந்து மொட்டையோடு நின்றான். கதவு அசையவில்லை. மெஷினைக் கும்பிட்டும் பார்த்தான். "எவரய்யா நுவ்வு?" என்று கேட்ட காவலாளி, புது ஆள் என்று நினைத்துப் புதிதாகப் பதிவு செய்துவிட்டார். முள்முள்ளாக முடியும் தாடியும் முளைத்ததும் மறுபடி அதே கேள்வி, இன்னொரு பதிவு.

மாதக் கடைசியில், ஒழுங்காக வேலைக்கு வந்ததற்காக மொட்டை ஆளுக்குப் பாராட்டுச் சான்றிதழ். வேலைக்கே வராததற்காக முடி ஆளுக்கு நோட்டீஸ். இரண்டையும் இவனே வாங்கிக்கொண்டு வந்தான்.

"அந்த முடிக்காரன் மேல எனக்கே கோவம் வருது நைனா. இன்னா பொறுப்பில்லாத ஆளு" என்றான்.

வேலை நிரந்தரமாகும் நேரம் வந்தது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏமய்யா, உங்கள்ல யாரை பர்மனென்ட் பண்றது?"

"மூணு பேருமே நல்லவங்க சார்."

"மூணு மாசம் கழிச்சு, மொதத் திங்கட்கிழமை கடைசியா ஒரு போட்டோ. அந்த மூஞ்சியோடவே ரிடையர் ஆவணும். திரும்ப மாறுனா உத்தியோகம் லேது."

அந்த போட்டோவில் அவன் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. சாந்திபுரத்துப் பெண் வீட்டார் நிரந்தர வேலையும் கேட்டிருந்தார்கள், தலை நிறைய முடியும் கேட்டிருந்தார்கள். முதல்முறையாக அவன் தேங்காயெண்ணெயும் சீப்பும் வாங்கினான். முடியைச் செடி மாதிரி வளர்த்தான்.

போட்டோவுக்கு முந்தின சனிக்கிழமை சித்தூர் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பிரசவ வலி. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அவனுக்கு போன் செய்து அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எதுனா துன்னியா?" என்றான். அத்தோடு வைத்துவிட்டான்.

மறுநாள் மகள் பிறந்தாள். தாயும் பிழைத்தாள். சாயங்காலம் வார்டு வாசலில் கையில் லட்டோடு நிற்கிறான், பளபளவென்று மொட்டை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நாளைக்கு போட்டோடா. மறந்துட்டியா?"

"மறக்கல நைனா. மொதல்ல தாடி மட்டும் குடுத்துட்டு வரலாம்னுதான் மலைக்குப் போனேன். ரெண்டு உசுரு ஆச்சே, தாடி பத்தாதுன்னு பட்டுச்சு."

திங்கட்கிழமை மொட்டைக்காரன்தான் நிரந்தரமானான். பெண் வீட்டார் முகம் சுளித்தார்களாம். அந்தப் பெண் மட்டும், "கல்யாணத்துக்கு அப்புறம் மாறாத மூஞ்சின்னா எனக்குச் சரி" என்றாளாம். அன்றிலிருந்து, மெஷின் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று வாராவாரம் சலூனில் மழித்துக்கொள்கிறான். வேண்டிக்கொள்ள அவனிடம் இப்போது முடியே இல்லை. கடைசி முடி எங்களுக்குத்தான் போனது.

என் மகளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. திருப்பதி கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனால் வருகிற மொட்டைத் தலைகளுக்கெல்லாம் கையை ஆட்டி, "மாமா" என்று கூப்பிடுகிறாள். திருப்பதியில் மொட்டைக்கா பஞ்சம்? மானம் போகிறது, சொல்லித் திருத்தக்கூடாதா என்கிறாள் மனைவி.

எனக்குத்தான் திருத்த மனம் வரவில்லை.